பக்கத்துச் செடி

வாடி விழுந்த ராகிச் செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "வேர்ல ஒண்ணும் இல்லையே" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வது உண்மைதான். செத்த வேரில் ஒன்றும் இருக்காது. சாறு ஓடும்வரைதான் வேர் அசுவினிக்கு அங்கே வேலை. சாறு நின்றதும் அடுத்த தூருக்கு நகர்ந்துவிடும். ஆகவே திட்டின் நடுவில் காய்ந்து கிடப்பதை விட்டுவிட்டு, விளிம்பில் இன்னும் பச்சையாக, ஆனால் கொஞ்சம் வெளிறத் தொடங்கியிருக்கும் செடியைத் தோண்ட வேண்டும். வேளாண்மைத் துறை வேலையில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கொல்லைமேடுகளில் நடந்து நடந்து நான் கற்றுக்கொண்டவற்றில் இளைஞர் ஒருவருக்கு ஒன்றை மட்டும் கொடுக்கலாம் என்றால், இதைத்தான் கொடுப்பேன்.

ஆடிப் பட்டத்து மானாவாரி ராகியில்தான் இந்தப் பூச்சியை அதிகம் பார்க்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துச் செம்மண் நிலங்கள். விதைத்தது முளைத்து ஒரு சாண் உயரம் வந்திருக்கும். அப்போது பார்த்து மழை பத்துப் பதினைந்து நாள் ஒதுங்கிப் போகும். அந்த இடைவெளியில் வயலின் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பயிர் மஞ்சள் பாயும், வளர்ச்சி நிற்கும். வெயில் ஏறும்போது இலை சுருளும், பொழுது சாயும்போது நிமிரும். சில நாளில் அந்த நிமிர்தலும் நின்றுவிடும். "மழையில்லை சார், அதான்" என்பார்கள். மழை இல்லாததும் காரணம்தான். ஆனால் மழையில்லாக் கஷ்டம் கொல்லை முழுவதற்கும் பொது. ஒரே கொல்லையில், ஒரே விதையில், ஒரே நாளில் விதைத்த பயிரில் இந்தத் திட்டு மட்டும் ஏன் முந்திக்கொண்டு வாடுகிறது? இந்தக் கேள்வி வந்தால்தான் மண்ணைக் கிளற மனம் வரும்.

ராகிக்குக் கேடு என்றால் முதலில் பேசப்படுவது குலைநோய். அடுத்தது இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பான். வேர் அசுவினி கையேடுகளின் கடைசிப் பக்கத்தில் நாலு வரியாக நிற்கும். செடி வெளிறும், குட்டையாகும், பிடுங்கினால் வேரில் பூச்சியும் கூடவே கறுப்பு எறும்பும் தெரியும், தூரில் மருந்து ஊற்றவும். எல்லாம் சரிதான். ஆனால் ராகியைப் பிடுங்கக் கூடாது என்பது என் கட்சி.

ராகியின் வேர்ப் பிடிப்பு அப்படிப்பட்டது. நார் நாராக, அடர்த்தியாக, மண்ணைக் கவ்விக்கொண்டு நிற்கும். இழுத்துப் பிடுங்கினால் தடித்த வேர்கள் சில மட்டும் கையோடு வரும், மெல்லிய வேர்கள் அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அசுவினி உட்காருவது அந்த மெல்லிய வேர்களிலும் தூரை ஒட்டிய இடுக்குகளிலும்தான். பிடுங்கின வேகத்திலேயே பாதி உதிர்ந்துவிடும். கையில் சுத்தமான வேரை வைத்துக்கொண்டு 'பூச்சி இல்லை' என்று எழுதிக்கொடுப்பது இப்படித்தான் நடக்கிறது.

செடியிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிச் சுற்றிலும் களைக்கொத்தை இறக்க வேண்டும். பிறகு அடியில் கொடுத்து நெம்பி, மண்ணோடு பாளமாகத் தூக்க வேண்டும். காய்ந்த செம்மண்ணில் பாளம் உடைந்து கொட்டிவிடும். முந்தின நாள் சாயங்காலமே அந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொன்னால் காலையில் பதமாக வரும். எடுத்ததை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து விரல் நுனியால் மெல்ல உதிர்க்கலாம். என் பையில் பழைய வேட்டித் துண்டு ஒன்று எப்போதும் இருக்கும். செம்மண்மேல் கிடக்கும்போது இந்தப் பூச்சி கண்ணில் படவே படாது, வெள்ளைத் துணியில் விழுந்தால்தான் அது நகர்வது தெரியும். அப்போதும் சந்தேகம் தீரவில்லையா, வேரை ஒரு வாளித் தண்ணீரில் பொறுமையாக அலசுங்கள். உடம்பில் மெழுகுப்பொடி பூசியிருப்பதால் தண்ணீர் ஒட்டாமல் மேலே மிதந்து வரும்.

கடுகளவுதான் இருக்கும், இரண்டு மில்லிமீட்டர். உருண்டை உடம்பு, குட்டைக் கால்கள். நிறம் ஒன்றுபோல் இருக்காது. சில வெளிறிய பச்சை, சில பழுப்பு, பல இளஞ்சிவப்பு. அவரையிலும் கடுகிலும் நாம் பார்க்கும் அசுவினிக்குப் பின்பக்கம் இரண்டு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு அந்தக் குழல்கள் மிகக் குட்டை, லென்ஸ் வைத்துத் தேட வேண்டும். டெட்ராநியூரா நைக்ரிஅப்டோமினாலிஸ் என்பது அறிவியல் பெயர். ஜப்பானிலிருந்து முதலில் விவரிக்கப்பட்டது.

ஜப்பான் போன்ற கிழக்காசிய நாடுகளில் இதன் வாழ்க்கை வேறு மாதிரி. அங்கே எல்ம் என்ற மரம் இருக்கிறது. வசந்தத்தில் அந்த மரத்தின் இலையில் அசுவினி வாய் வைத்த இடம் புடைத்து, பைபோலக் கட்டியாகும். அதற்குள்ளேயே குடும்பம் பெருகும். கோடையில் இறக்கை முளைத்தவை பறந்து இறங்கிப் புல் இனங்களின் வேருக்குப் போகும். இலையுதிர் காலத்தில் மறுபடி எல்ம் மரத்துக்குத் திரும்பி, ஆணும் பெண்ணும் கூடி, முட்டை இடும். நம் கொல்லைமேட்டில் எல்ம் கிடையாது. அதனால் மரத்தில் நடக்கும் பாதிக் கதை இங்கே இல்லை. ஆண் இல்லை, முட்டை இல்லை. வருஷம் முழுவதும் வேரிலேயே, தாய் மட்டுமே குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. பிறக்கிற ஒவ்வொன்றும் பெண். பிறக்கும்போதே அதன் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கியிருக்கும். மழை ஒதுங்கிய இரண்டு வாரத்துக்குள் ஒரு தூரிலிருந்து ஒரு திட்டு முழுவதும் எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

ஊசி போன்ற வாய்க்குழலைச் செல்களின் இடுக்கு வழியாக நுழைத்து, இலையில் சமைத்த சர்க்கரை கீழே இறங்கி வரும் குழாயைத் தொடுகிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் சொற்பம். குறையை நிரப்ப அசுவினிகளின் உடம்புக்குள் புக்னெரா என்ற பாக்டீரியா பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்து சிலவற்றைத் தயாரித்துக் கொடுக்கிறது. அப்படியும் போதாது. கொஞ்சம் அமினோ அமிலத்துக்காக நிறையச் சாற்றைக் குடித்தாக வேண்டும். மிஞ்சிய சர்க்கரை தேன்துளியாகப் பின்பக்கம் வெளியேறும். மேலே இலையில் இருக்கும் அசுவினிக்கு அந்தத் துளி கீழே விழுந்துவிடும். மண்ணுக்குள் எங்கே விழும்? அந்த நெருக்கத்தில் அது தேங்கினால் பிசினும் பூஞ்சணமும் சேர்ந்து கூட்டமே அழியும். மெழுகுப்பொடி ஓரளவு காப்பாற்றுகிறது. எறும்பு அதைவிட நன்றாகக் காப்பாற்றுகிறது.

எறும்புக்குத் தேன்துளி உணவு. அதை உடனுக்குடன் எடுத்துக்கொள்கிறது. வேரைச் சுற்றி வழி தோண்டிக் கொடுக்கிறது. வாடும் செடியிலிருந்து நல்ல செடிக்கு அசுவினியைத் தூக்கியும் போகிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு வயசான அம்மா, களை வெட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எறும்பு புதுசா மண்ணு தள்ளுற எடத்துல பயிரு எந்திரிக்காது கண்ணு." நான் அவரைக் கூட்டிக்கொண்டு அப்படிப்பட்ட தூர் ஒன்றைப் பாளமாக எடுத்துத் துணியில் உதிர்த்தேன். "அட, பேனு!" என்றார். எறும்பையும் வாடலையும் அவர் தம் பட்டறிவால் சேர்த்து வைத்திருந்தார். நடுவில் இருந்த பூச்சியைத்தான் அன்று முதல்முறை கண்டார். அதற்குப் பிறகு நானும் வயலில் கால் வைத்ததும் செடியின் இலைக்கு முன்னால் தூரடியைப் பார்க்கிறேன். மாவு சலித்ததுபோல் நயமான புது மண் அங்கே குவிந்திருந்தால் களைக்கொத்தைக் கையில் எடுத்துவிடுகிறேன்.

எறும்பின் இந்த வேலையை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பூச்சியியலாளர் ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் விரிவாக எழுதியிருக்கிறார். அது மக்காச்சோள வேர் அசுவினி. அங்கே குளிர்காலம் கடுமை, அதனால் அந்த இனம் முட்டை இடுகிறது. அந்த முட்டைகளை எறும்புகள் தங்கள் புற்றுக்குள் கொண்டுபோய்க் குளிர்காலம் முழுவதும் பாதுகாத்து, வசந்தத்தில் குஞ்சு பொரித்ததும் முதலில் களைச்செடிகளின் வேரிலும் பிறகு மக்காச்சோள வேரிலும் கொண்டுவந்து விடுகின்றன. உழுது புற்றைக் கலைப்பதே அங்கே முக்கியமான மருந்தாகச் சொல்லப்பட்டது. நம் அசுவினிக்கு முட்டை இல்லை என்றாலும் அந்த யோசனை நமக்கும் பொருந்துகிறது.

மஞ்சள் என்றதும் எல்லாவற்றையும் அசுவினி தலையில் கட்டக்கூடாது. தழைச்சத்துக் குறைவில் அடி இலை முதலில் வெளிறும், அதுவும் வயல் முழுக்க ஒரே சீராக இருக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் குருத்து இலை வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் அது தண்டுத் துளைப்பான். தூரடியில் வெள்ளைப் பூஞ்சணமும் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் இருந்தால் அடித்தண்டு அழுகல். அந்தக் கடுகு நகராது. அனுபவம் இல்லாத கண் அதைப் பூச்சி என்று எண்ணிவிடும், ஆகவே லென்ஸ் அவசியம். வேரே இல்லாமல், கத்தரித்ததுபோல் செடி கையோடு வந்தால் வெள்ளை வேர்ப்புழு. வேர் முழுசாக இருந்து, செடி மட்டும் இளைத்திருந்தால்தான் அசுவினியைத் தேட வேண்டும். கடித்துத் தின்னும் பூச்சி தடயம் விட்டுப் போகும், உறிஞ்சும் பூச்சி வேரை வேராகவே விட்டுவிடும்.

வேரில் வாழும் பூச்சிகளில் உலகத்தையே உலுக்கியது திராட்சையின் பிலாக்ஸெரா. அசுவினிக்கு நெருங்கிய சொந்தம். 1860களில் தெற்கு பிரான்ஸில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்தன. 1868 ஜூலையில் மான்பெலியேயின் தாவரவியல் பேராசிரியர் ஜூல் எமில் பிளான்ஷோனும் கஸ்தோன் பாஸீல், ஃபெலிக்ஸ் சாஹு என்ற இருவரும் தோட்டங்களுக்குப் போனார்கள். செத்த கொடிகளைத் தோண்டினால் அழுகிய வேரைத் தவிர ஒன்றும் இல்லை. இன்னும் உயிரோடு இருந்த கொடி ஒன்றைத் தோண்டியபோதுதான் வேர் முழுக்க மஞ்சள் பூச்சி அப்பிக் கிடந்தது. அதன் பிறகும் வருஷக்கணக்கில் வாதம் நடந்தது. மண் கெட்டது, பருவம் கெட்டது, கொடி ஏற்கெனவே நலிந்தது, பூச்சி அதன் விளைவே ஒழியக் காரணம் அல்ல என்று பெரிய அறிஞர்களே வாதாடினார்கள். பிற்பாடு அமெரிக்கத் திராட்சை வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் அந்தத் தொழிலை மீட்டார்கள். இந்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு "மழையில்லை சார், அதான்" என்ற குரல்தான் நினைவுக்கு வந்தது. எந்த நாட்டு உழவரும், எந்த நாட்டு அறிஞரும் முதலில் வானத்தைத்தான் பார்க்கிறார்கள். அதில் தப்பில்லை. அடுத்து மண்ணைப் பார்க்க வேண்டும்.

மண்ணைப் பார்க்காமல் செய்யும் தவறுகள் இரண்டு. முதலாவது, மஞ்சளைக் கண்டதும் யூரியா தூவுவது. அசுவினி இருக்கும் வயலில் அது எதிரிக்குப் பந்தி விரிப்பது ஆகும். தழைச்சத்து ஏற ஏறச் சாற்றில் அமினோ அமிலம் கூடும், பூச்சிக்கு எது பற்றாக்குறையோ அதையே நாம் கொடுக்கிறோம். இரண்டாவது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கி இலைமேல் அடிப்பது. இது கேட்க நியாயமாகத்தான் தோன்றும், ஊடுருவிப் பாயும் மருந்துதானே என்பார்கள். ஊடுருவும் மருந்துகளில் பெரும்பாலானவை வேர் உறிஞ்சும் நீரோடு கீழிருந்து மேலே போகிறவை. இலையில் விழுந்தது வேருக்கு இறங்குவது மிகக் குறைவு. காசும் போய், மேலே இருக்கும் பொறிவண்டு போன்ற நன்மைப் பூச்சிகளும் போய், மண்ணுக்குள் அசுவினி பத்திரமாக இருக்கும்.

டைமெத்தோயேட் கரைசலைத் தூரடியில் வேர் நனையும்படி ஊற்றுவது பழைய பரிந்துரை. பாதித்த செடிக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள நல்ல செடிகளுக்கும் ஊற்ற வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. பாதித்ததற்கு மட்டும் ஊற்றினால் நாம் பூச்சி கிளம்பிப்போன வீட்டைக் கழுவிக்கொண்டிருப்போம். வறண்ட மண்ணில் நேரே ஊற்றினால் மேல்மண்ணே குடித்துவிடும், முதலில் தண்ணீர் விட்டு ஈரமாக்கிக்கொள்ள வேண்டும். ஆனாலும் இந்த மருந்தைச் சொல்வதற்கு முன் நான் தயங்குகிறேன். மானாவாரி ராகிக் கொல்லை ராகி மட்டும் விளையும் இடமல்ல. சால் விட்டு அவரையும் கடுகும் ஆமணக்கும் போட்டிருப்பார்கள். களை எடுக்கும் பெண்கள் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் பறித்து மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். அன்று இரவுக் களிக்கு அதுதான் குழம்பு. பிடுங்கிய புல் மாட்டுக்குப் போகும். ஆகவே மருந்து ஊற்றித்தான் ஆகவேண்டும் என்றால், திட்டைச் சுற்றி நாலு குச்சி நட்டு ஒரு துணி கட்டி, இங்கே கீரை பறிக்காதே, புல் அறுக்காதே என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். இதைச் சொல்லாமல் மருந்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வருவது அரைகுறை வேலை.

பல நேரம் மருந்தில்லாமலே பயிர் மீண்டிருக்கிறது. இந்தப் பூச்சிக்குக் காற்றோட்டமுள்ள மண் வேண்டும், நீர் கட்டினால் நிற்காது. தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலில் வேர் அசுவினி தலைகாட்டாமல், மேட்டு நிலப் புழுதி நெல்லில் மட்டும் வருவது இதனால்தான். கிணறு உள்ளவர்கள் திட்டுக்கு நன்றாகத் தண்ணீர் பாய்ச்சினாலே பாதி குறையும். மானாவாரிக்காரர் அடுத்த மழைக்குக் காத்திருக்கலாம். ஆனால் காத்திருக்கும்போது ஒரு வேலை உண்டு. களைக்கொத்தால் எறும்பு வழிகளைக் கலைத்து, தூருக்கு மண் அணைத்து வைக்க வேண்டும். மழை விழுந்ததும் அடிக்கணுவிலிருந்து புது வேர் இறங்கும். ராகிக்கு அந்த வீரியம் இருக்கிறது. இறவையில் மார்கழிப் பட்டம் வைப்பவர்கள் நாற்றங்காலையும் கவனிக்க வேண்டும். பதினேழு, பதினெட்டு நாள் நாற்றைப் பிடுங்கும்போது வேரைக் கழுவி ஒரு பார்வை பார்த்துவிட்டு நட்டால், பூச்சியை நாமே சுமந்துபோய் வயலில் இறக்கமாட்டோம். வரப்பை ஒட்டி, அறுகம்புல் நடுவில் நாற்றங்கால் போடாமல் இருப்பது அதைவிட நல்லது.

2023ஆம் ஆண்டை ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வருஷம் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். கைவிட்ட கொல்லைகளில் மறுபடி ராகி ஏறுவதைப் பார்க்க மனசு நிறைகிறது. ஆனால் அதே நிலத்தில் வருஷா வருஷம் ராகி மேல் ராகி போட்டால், வரப்புப் புல்லில் ஒதுங்கியிருக்கும் அசுவினிக்கு வழி தேட வேண்டிய வேலைகூட இருக்காது.

ஆகவே அறுவடை முடிந்ததும் என் வேலை தொடங்குகிறது. திட்டு எங்கே விழுந்தது என்று ஒவ்வொரு கொல்லைக்கும் நோட்டில் படம் போட்டு வைத்திருக்கிறேன். பெரும்பாலும் வரப்போரம், காட்டுக் கேழ்வரகும் அறுகும் மண்டிய மூலை, பழைய எறும்புப் புற்றின் பக்கம். கோடை மழைக்கு உழும்போது அந்த இடத்தை இன்னொரு சால் ஆழமாக ஓட்டச் சொல்கிறேன். துளிர்க்கும் பழைய ராகித் தாளை வேரோடு கிளறி வெயிலில் போடச் சொல்கிறேன். ஆடியில் விதைக்கும்போது அந்த மூலைக்கு மட்டும் ராகி வேண்டாம், கொள்ளோ துவரையோ அவரையோ போடுங்கள் என்கிறேன். இந்தப் பூச்சிக்குப் புல் இனத்தின் வேர்தான் பிழைப்பு, பயறு வகை வேரில் அதற்குச் சோறில்லை.

போன பட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கம் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்புறம் களிக்கு என்ன சார் பண்றது?" என்றார். கொல்லை முழுக்க ராகியை விடச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். நோட்டைப் பிரித்து அவர் நிலத்தின் படத்தைக் காட்டினேன். கிழக்கு வரப்போரம் ஒரு மூலை, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அங்கே கொள்ளு தூவிக்கொள்கிறேன், மாட்டுக்கும் ஆச்சு, ரசத்துக்கும் ஆச்சு என்று சொல்லி, அந்த மூலையின் அறுகை வெட்ட மண்வெட்டி எடுக்கப் போனார்.